தாமலில் போட்டாச்சு

என் மகனுக்குப் பதினோரு மாதம் முடியும்போது அவன் உடம்பில் ஊசி பட்டது இரண்டே தடவை. பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் ஒரு தடவை. ஒன்றரை மாதத்தில், தாமலில் என் அம்மா வீட்டில் இருந்தபோது இன்னொரு தடவை. அதற்குப் பிறகு போட வேண்டியது அத்தனையும் பாக்கி. தடுப்பூசி அட்டையில் இரண்டரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம் என்று கட்டம் கட்டமாக அச்சடித்திருந்தார்கள். அந்தக் கட்டங்களை எல்லாம் வெறுமையாக வைத்துக்கொண்டு ஊர் உலகத்துக்குப் புத்தி சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

விவரம் தெரியாதவள் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ப்ளஸ் டூவில் உயிரியல் படித்தவள். எங்கள் தெருவில் யாருக்கு மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவேண்டுமானாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். நானும் பெரிய டாக்டர் மாதிரி கண்ணைச் சுருக்கிப் படித்துச் சொல்வேன். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு தறி. என் கணவர் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம் என்றால் இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு ஓர் ஆள் போதாது. அவர் நெய்ய நெய்ய, பக்கத்தில் நான் உட்கார்ந்து ஒரு கரைக்கு ஊடைநூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். நான் எழுந்தால் தறி நின்றுவிடும். தாமலில் ஊசி போட்ட பிறகு மகன் இரண்டு நாள் காய்ச்சலில் அனத்தினான். அங்கே அம்மா இருந்ததால் சமாளித்தேன். இங்கே வந்த பிறகு அந்த இரண்டு நாளை நினைத்தாலே எனக்கு அலுப்பாக இருந்தது.

“இந்தச் சேல எறங்கட்டும், போட்டுக்கலாம்” என்றார் அவர். “ஆமா, எறங்கட்டும்” என்றேன் நானும். எங்கள் தெருவில் எவரும் காலண்டரைப் பார்த்து ஒரு காரியத்தைத் தள்ளிப்போடுவதில்லை. சேலையை வைத்துத்தான் தள்ளிப்போடுவார்கள். காது குத்துவது, பல் பிடுங்குவது, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது எல்லாமே சேலை இறங்கிய மறுநாள்தான். ஆனால் தறியில் நீட்டும் ஒரு பாவு நூலில் மூன்று சேலை. ஒன்று இறங்கினால் மறுநாளே அடுத்தது ஏறிவிடும். மூன்றும் முடிந்தால் புதுப் பாவு பிணைக்க வேண்டும். எங்களுக்கு ஒழிவே வரவில்லை. ஊசி போடுகிற புதன்கிழமை மட்டும் வாரம் தவறாமல் வந்து வந்து போனது.

மகனுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது சுகாதார நிலையத்து நர்ஸம்மா தெருவுக்கு வந்தார். கையில் ஒரு நோட்டு, ஒரு போன். “ஏம்மா, ரெண்டாவது மூணாவது ஊசி எல்லாம் எங்க? இதுல ஒண்ணுமே காட்டலையே” என்று போனைக் காட்டினார். அப்போது வாசலில் நாலு பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால், போடவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

“தாமல்ல போட்டாச்சும்மா. எங்கம்மா ஊரு. அட்டையும் அங்கதான் இருக்குது. அவங்க கம்ப்யூட்டர்ல ஏத்தாம வுட்டிருப்பாங்க” என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டேன். அட்டை எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. நர்ஸம்மா என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அதோடு விட்டிருந்தால் என் பாவம் என்னோடு போயிருக்கும். பக்கத்து வீட்டுக்காரி என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவளும் புருஷனோடு தறியில் உட்காருகிறவள்தான். எனக்கும் அவளுக்கும் ஒரே சுவர். அவள் மகள் என் மகனைவிட மூன்று மாதம் பெரியவள். அவள் எதற்கெடுத்தாலும் “அக்கா, இன்னா பண்ணட்டும்?” என்று என்னிடம்தான் வருவாள். ஊசிக்கும் வந்தாள். தன் பெண்ணுக்கும் பாதிக்கு மேல் போடவில்லை என்றும், நர்ஸம்மா வந்து கேட்டால் என்ன சொல்வது என்றும் கேட்டாள்.

“உங்கம்மா ஊரு மாகறல்தானே? அங்க போட்டாச்சுன்னு சொல்லிடு. எழுதிக்கினு போயிடுவாங்க” என்றேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். என் மகனுக்கும் பாக்கியிருக்கிறது என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. என் பிள்ளைக்கு எல்லாம் ஒழுங்காகப் போட்டாயிற்று, அவள்தான் அசமந்தம் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை வாசல் தெளிக்கப் போனேன். பக்கத்து வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது.

கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தது கூட நினைவில்லை. அம்மை வந்திருக்கிறது. அந்த வீட்டில் இருப்பது புருஷன், பெண்டாட்டி, குழந்தை மூன்றே பேர். யாருக்கு என்று கேட்கவே வேண்டியதில்லை. முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பெண் குழந்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, கண் சிவந்திருந்தது, இருமினாள். சளி என்று நினைத்து நானே முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டேன். அவளும் என் மகனும் ஒரே பாயில் உருண்டார்கள். அவள் கடித்து எச்சில் செய்த முறுக்கை அவன் பிடுங்கித் தின்றான்.

உள்ளே ஓடிவந்து தூங்கிக்கொண்டிருந்தவனைத் தூக்கி, சட்டையைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவன் விழித்துக்கொண்டு சிரித்தான். உயிரியல் புத்தகத்தில் தட்டம்மையைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. நெஞ்சில் சளி கட்டுவது, காது அடைப்பது, மூளைக்குப் போவது எல்லாம் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தது. அன்றைக்கு ஒவ்வொரு வரியும் வரிசையாக ஞாபகம் வந்தது.

“புதன்கிழம ஊசி போட்டுடலாங்க” என்று கணவரிடம் சொன்னேன்.

அவர் தறியிலிருந்து கையை எடுத்தார். “அம்மா தெருவுல எறங்கியிருக்கும்போது ஊசி குத்தலாமா? பக்கத்து வூட்ல மூணாந் தண்ணி ஊத்தட்டும். அப்பறம் போயிக்கலாம்.”

அம்மை இறங்கிய உடம்புக்கு ஒற்றைப்படை நாள் பார்த்து மூன்று முறை வேப்பிலைத் தண்ணீர் ஊற்றுவார்கள். அது முடியும்வரை அந்த வீட்டில் தாளிப்பு கிடையாது, தலை வாருவது கிடையாது, மருந்தும் கிடையாது. நான் பிறந்து வளர்ந்ததும் இந்த வழக்கத்தில்தான். அதனால் அவர் சொன்னதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ள என்னால் முடியவில்லை. அம்மாவுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வது என்று பயந்தேன். ஊசி போடாமலேயே இவனுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் பயந்தேன். செவ்வாய்க்கிழமை முழுக்க மணிக்கு ஒருதரம் அவன் காதுக்குப் பின்னால் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். என் கணவர் மகனை மடியில் போட்டு, அவன் காது மடலை விலக்கி, அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று அவனுக்குக் கிச்சுகிச்சு மூட்டுவது போல் பாவனை செய்தார். அப்போதே தெரிந்துவிட்டது, காலையில் அவரும் கூட வருவார் என்று.

புதன்கிழமை தறி நின்றது. அலமாரியிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்ஸம்மா அட்டையை வாங்கி வெறும் கட்டங்களைப் பார்த்தார். பிறகு தன் நோட்டைத் திறந்தார்.

“தாமல்ல போட்டாச்சுன்னு சொன்னியே?”

“போடலம்மா. பொய் சொன்னேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நோட்டில் அந்த வரியைக் குறுக்கே அடித்தார். நிதானமாக, இரண்டு தடவை அடித்தார். “மொதல்லேர்ந்து ஆரம்பிக்க வேணாம். விட்ட எடத்துலேர்ந்து போடலாம். இன்னைக்கு நாலு ஊசி, அம்மை ஊசியும் சேத்து. ரெண்டு தொடையில, ரெண்டு கையில. வாயில சொட்டு மருந்து தனி. புடிச்சுக்கறியா?”

“நாலா? ஒரே நாள்லயா? தாங்குவானாம்மா?”

“ஊசியத் தாங்குவான். அது வந்தாத்தான் தாங்குவானான்னு தெரியாது. தெருவுல யாருக்காச்சும் இருக்குதா?”

பக்கத்து வீடு என்றேன். எழுதிக்கொண்டிருந்த நர்ஸம்மா தலையை நிமிர்த்தினார். “அந்தப் பொண்ணுக்கு மாகறல்ல போட்டாச்சுன்னு எழுதியிருக்கேனே. போட்டும் வந்துச்சா?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் சொன்னால், சொல்லிக்கொடுத்தது யார் என்பதும் வெளியே வரும். “தெரியாதும்மா” என்றேன். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்தது அவருக்குத் தெரியாது.

மகனின் கால்களை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். முதல் ஊசிக்கு அலறினான். நாலாவதற்கு அவனிடம் சத்தமே வரவில்லை. வாயை மட்டும் திறந்துகொண்டு என்னையே பார்த்தான். அந்தப் பார்வைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இனிமே வராதில்லம்மா?” என்று கேட்டேன்.

“ஒட்டி மூணு நாளுக்குள்ள போட்டா சில சமயம் காப்பாத்தும். அதுக்கு முந்தியே ஒட்டியிருந்தா ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ரெண்டு வாரம் கவனமாப் பாரு. காய்ச்சல், கண்ணு செவக்கறது, இருமல், எது இருந்தாலும் ஒடனே போன் பண்ணு. பக்கத்து வூட்டுக்கு நான் நாளைக்கு வரேன்.”

சொன்னபடியே வியாழக்கிழமை வந்தார். நான் எங்கள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அவள் வேப்பிலைக்குக் கீழே வழியை மறித்து நின்றுகொண்டு, “ஊசியெல்லாம் போட்டாச்சும்மா, லேசாத்தான் வந்திருக்காங்க, தண்ணி ஊத்தினா எறங்கிடுவாங்க” என்றாள். நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். நர்ஸம்மா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லி இரண்டு மூன்று தடவை கண்டிப்பாகச் சொன்னார். அவள் சரி சரி என்று தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். அம்மை வீடு என்பதால் அவர்கள் தறி ஓடவில்லை. என் மகனுக்கு ஊசிக் காய்ச்சல் என்பதால் எங்கள் தறியும் ஓடவில்லை. சுவருக்கு இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் இருந்த அந்த நேரத்தில் அந்தக் குழந்தையின் இருமல் கேட்டது. இருமலுக்கு நடுவே மூச்சு வாங்குவதும் கேட்டது. சின்ன நாய்க்குட்டி இளைப்பது போல வேக வேகமாக வாங்கிற்று. சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் அதைக் கேட்டேன். நெஞ்சில் சளி கட்டும் என்று புத்தகத்தில் படித்த அந்த வரி இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருக்கிறது. அதை அறிந்தவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.

மகனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். வேப்பிலை தலையில் உரசிற்று. அவள் புருஷன் வெளியே போயிருந்தான். குழந்தையை வெள்ளைத் துணியில் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் வருடிக்கொண்டிருந்தாள் அவள். குழந்தையின் முகமெல்லாம் புள்ளிகள் தடித்துச் சிவந்து ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுந்தது.

“ஏன்கா வந்த? வூட்ல புள்ள இருக்குது இல்ல?” என்றாள்.

“எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம். புள்ளைக்கு மூச்சு முட்டுது பாரு.”

“வேணாங்கா. அம்மா ஏற்கனவே என் மேல கோவமா இருக்காங்க. மருந்து ஊசின்னு போனா இன்னும் ஏறிடுவாங்க.”

“உன் மேல இன்னாத்துக்குக் கோவம்?”

அவள் என்னைப் பார்க்காமல் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே சொன்னாள். “நான் பொய் சொன்னேன் இல்ல. நீ நெஜமாவே தாமல்ல போட்டுக்கினு வந்து சொன்ன. நான் ஒண்ணும் போடாமலே உன் வாயப் பாத்து அதையே சொன்னேன். அம்மாவுக்குத் தெரியாதா? ரெண்டும் ஒரே பாயிலதான் வெளையாடிச்சு. உன் புள்ளைய வுட்டுட்டு என் புள்ள மேல எறங்கினாங்க பாரு.”

ஐந்து நாளாக அவள் இதை நினைத்துக்கொண்டுதான் அந்த இருட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

“நானும் போடல. தாமல்ல மொத ஊசி ஒண்ணுதான் போட்டது, மத்தது எங்கயும் போடல. நானும் பொய்தான் சொன்னேன். உன்னையும் சொல்ல வச்சேன். முந்தாநேத்துதான் போய் நாலு ஊசி போட்டுக்கினு வந்தோம்.”

அவள் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப உன் புள்ள மேல ஏன்கா வரல?” என்றாள்.

அந்தக் கேள்வியில் கோபம் கூட இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிறகு அவளே எழுந்தாள். துணியோடு குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, “ஆட்டோ கூப்பிடு” என்றாள். நான் நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் அவரே வந்து காத்திருந்தார். நிமோனியா என்றார்கள். குழந்தையின் முகத்தில் ஆக்ஸிஜன் குழாயை மாட்டும்போது, யாரும் கேட்காமலே நர்ஸம்மாவிடம் சொன்னேன். மாகறல் பொய்யும் நான் சொல்லிக்கொடுத்ததுதான் என்றேன். அவர் நோட்டைத் திறந்து அந்த வரியையும் குறுக்கே அடித்தார்.

ஆறு நாள் அந்தக் குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்தது. நான் தினமும் வார்டு வாசல் வரை போய்ச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் புருஷன் வந்து வாங்கிக்கொள்வான். அவள் வெளியே வரமாட்டாள். வீட்டுக்கு வந்தால் மகனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அவள் கேட்ட கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இவன் மேல் வராததற்கு ஒரு நியாயமும் எனக்குத் தோன்றவில்லை. அதனால் வந்தே தீரும் என்று முடிவு கட்டிவிட்டேன். அவன் ஒரு தும்மல் போட்டாலும் சட்டையைத் தூக்கிப் பார்ப்பேன். குளிப்பாட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு, பிறகு மெல்லத் திறந்து முதுகைப் பார்ப்பேன். ஏழாம் நாளில் குழந்தையைப் பிழைக்க வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தூங்கினேன்.

ஊசி போட்ட ஒன்பதாம் நாள் காலையில் மகனுக்கு உடம்பு சுட்டது. சட்டையைத் தூக்கினேன். மார்பிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள்.

நான் கத்திய கத்தலில் கணவர் தறிக்குழியிலிருந்து எப்படி ஏறி வந்தார் என்று தெரியவில்லை. நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன். “அந்த அம்மை ஊசி போட்டு ஏழு நாள்லேர்ந்து பத்து நாளுக்குள்ள சில புள்ளைங்களுக்கு லேசா இப்படி வரும். ஆனா பாக்காம நான் சொல்ல மாட்டேன். பதினோரு மணிக்குள்ள வந்துடறேன்” என்றார். அப்போது மணி எட்டு. மூன்று மணி நேரம். மகனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அந்த அறைக்குள்ளேயே நடந்தேன். அம்மா, என்னை எடுத்துக்கொள், இவனை விட்டுவிடு என்று வாய்விட்டு வேண்டினேன். என்னோடு கணவரும் நடந்தார். உட்கார்ந்தால் ஏதாவது நடந்துவிடும் என்பது போல இரண்டு பேரும் நடந்தோம்.

கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக்காரி நின்றிருந்தாள். ஒரு வாரமாக என்னோடு பேசாதவள். அவளுக்கும் சுவர் வழியாக எல்லாம் கேட்டிருக்கும். நேராக வந்து என் கையிலிருந்து மகனை வாங்கினாள். ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள். கண் இமையை விலக்கிப் பார்த்தாள். வாயைத் திறந்து உள்ளே பார்த்தாள். மார்பில் காதை வைத்து மூச்சைக் கேட்டாள். அவன் அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான்.

“இது அது இல்ல” என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. “நல்லாப் பாரு” என்றேன்.

“நான் பாத்திருக்கேன் இல்ல. கூடவே உக்காந்து பாத்திருக்கேன். கண்ணு இப்படி இருக்காது. இப்படி இழுத்து வெளையாடவும் வெளையாடாது. இது அது இல்ல.”

நான் சுவரில் சாய்ந்து அழுதேன். அவள் அழவில்லை. மகனின் சட்டையைச் சரியாக இழுத்துவிட்டு அவனை என் கணவர் கையில் கொடுத்தாள். பதினோரு மணிக்கு வந்த நர்ஸம்மாவும் அதையேதான் சொன்னார். இரண்டு நாளில் புள்ளிகள் போய்விட்டன.

மகனைப் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கு, வாசலைத் தாண்டும்போது அவள் நின்றாள். “அடுத்த ஊசி என்னைக்கு?” என்று கேட்டாள்.

“போட்டதுலேர்ந்து நாலாவது வாரம் புதன்கிழம. உன் பொண்ணுக்கும் பாக்கிய அன்னைக்கே ஆரம்பிக்கலாம்னு நர்ஸம்மா சொன்னாங்க. நானே வந்து கூட்டினு போறேன்.”

“நான் போறேன். உன்கூட வரமாட்டேன்” என்றாள்.

அந்தப் புதன்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது அவள் மகளை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் முதலாவதாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. நான் போய்க் கடைசியில் உட்கார்ந்தேன்.